முதல் ஞாயிறு ஊருக்கு

ஆதிகேசவன்: …அதான் சொல்றேன், ஊர் சொல்லிடுச்சி. இன்னும் இன்னாத்துக்கு இத்த இஸ்துக்கினு போவணும்?

சோனியா: மொதல்ல குந்துங்கண்ணா. நின்னுக்கினே பேசினா ஜப்திக்கு வந்தவங்க மாதிரி கீது.

ஆதிகேசவன்: குந்துறதுக்கு வரல.

சோனியா: துளசியண்ணா, நீங்களாச்சும்…

துளசிராமன்: குந்துறேம்மா. முட்டி வலி எனக்கு. மாமா, சேர் நல்லாத்தான் கீது, குந்துங்க.

ஆதிகேசவன்: ம்.

சோனியா: டீ போடட்டா?

ஆதிகேசவன்: இப்போதான் குடிச்சிட்டு வந்தேன்.

துளசிராமன்: எனக்குப் போடும்மா. சக்கரை கம்மியா.

ஆதிகேசவன்: மச்சான், நாம டீ குடிக்கவா வந்தோம்?

துளசிராமன்: குடிச்சிக்கினே பேசலாமே மாமா.

ஆதிகேசவன்: எபினேசர் எங்க? உன் ஊட்டுக்காரரைக் கூப்பிடு, ஆம்பளகிட்ட பேசிக்கிறேன்.

சோனியா: அவருக்கு மொத ஷிஃப்ட்டு, இன்னும் வரல. வந்தா தாராளமா பேசுங்க. ஆனா ஓட்டுச்சீட்டுல கீறது என் பேரு.

ஆதிகேசவன்: தோ பாரு சோனியா. நான் இந்த ஊராட்சிக்கு பத்து வருசம் பிரசிடெண்டா இருந்தவன். துளசி கட்சிக்கு கிளைச் செயலாளர். ரெண்டு பேரும் வேல மெனக்கெட்டு காலனிக்குள்ள உன் ஊடு தேடி வந்துகீறோம். எதுக்கு?

சோனியா: வழி தவறி வந்துட்டீங்களோன்னு நெனச்சேன். ஓட்டு கேக்க வந்தாக்கூட தெரு மொனையோட திரும்பிடுவீங்களே.

துளசிராமன்: ஹஹ…

ஆதிகேசவன்: சிரிக்காத மச்சான்.

துளசிராமன்: இருமல் மாமா.

ஆதிகேசவன்: பொறுமையா சொல்றேன், கேட்டுக்கோ. பிரசிடெண்டு எலெக்‌ஷன்ல கட்சிச் சின்னம் கெடயாது. ஆனா கட்சி யார் பின்னாடி நிக்கிதோ அவன்தான் ஜெயிக்கிறான். அந்த ஆளு யாருன்னு உறுப்பினருங்களே ஓட்டுப் போட்டு சொல்லட்டும்னு இந்த தபா தலைமையில சொல்ட்டாங்க. சரின்னோம். மூணு ஞாயித்துக்கெழம. மொதல்ல ஊரு. அப்பால காலனி. கடைசியா கம்பெனிக்காரங்க வாடகைக்கு கீற நகரு. ஊர் ஓட்டை எண்ணியாச்சி. என் பையன் அன்புசெல்வனுக்கு இருநூத்திப் பன்னெண்டு. உனக்கு நாப்பத்தொண்ணு. முடிஞ்சிதா?

சோனியா: ஒரு ஞாயித்துக்கெழம முடிஞ்சிது.

ஆதிகேசவன்: ஏம்மா, இருநூத்திப் பன்னெண்டு எங்க, நாப்பத்தொண்ணு எங்க?

சோனியா: ஊரை மொதல்ல வெச்சது யாருண்ணா?

ஆதிகேசவன்: ஊருதான் மொதல்ல வரும். எப்பவும் அப்டித்தான்.

சோனியா: அதான். ஊர்ல ஜெயிச்சி, வெடி வெடிச்சி, மாலை போட்டுக்கினா, காலனில பாதிப் பேரு ‘இனிமே போட்டு இன்னா ஆவப்போவுது’ன்னு படுத்துக்குவான். நகருல கீறவன் டூட்டிக்குப் போயிடுவான். இதானே கணக்கு?

ஆதிகேசவன்: எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு இதெல்லாம்?

சோனியா: உங்க பேனர்தான். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஓட்டை எண்ணினீங்க. திங்கக்கெழம காலைல ஷிஃப்ட் பஸ் நிக்கிற எடத்துல ‘எங்கள் வேட்பாளர்’னு அன்புசெல்வன் தம்பி சிரிச்சிக்கினு நிக்கிது. கும்மிடிப்பூண்டில பேனர் அடிச்சி வரவே ரெண்டு நாளு ஆவும். எப்போ ஆர்டர் குடுத்தீங்க?

துளசிராமன்: அது… பசங்க ஆசைல பண்ணிட்டானுங்கம்மா.

ஆதிகேசவன்: நீ ஏன் மச்சான் விளக்கம் குடுக்கிற? ஆமா, முன்னாடியே அடிச்சேன். இன்னா இப்போ? ஊர் ஓட்டு எங்கன்னு எனக்குத் தெரியாதா?

சோனியா: ஊர் சொல்லிச்சி. ஊராட்சி இன்னும் சொல்லல.

ஆதிகேசவன்: வாய் மட்டும்…

துளசிராமன்: டீ நல்லா கீதும்மா.

ஆதிகேசவன்: உங்க நைனா ராஜமாணிக்கம் இருந்தாரே, என்னைப் பாத்தா துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினு ஐயான்னுதான் கூப்பிடுவாரு. நீ அண்ணான்ற.

சோனியா: கட்சில எல்லாரும் அண்ணன் தம்பின்னு மேடையில நீங்கதானே சொன்னீங்க. நான் நம்பிட்டேன்.

ஆதிகேசவன்: சரி வுடு. நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. காலனி பூரா உனக்குப் போடும்னு நெனைக்கிறியா? சர்ச்சுத் தெரு வேற, கோயில் தெரு வேற. கோயில் தெருக்காரன் உனக்கு எதுக்குப் போடறான்?

சோனியா: போட்டாலும் போடுவான், போடாமலும் போவான்.

ஆதிகேசவன்: பாத்தியா மச்சான், அதுவே சொல்லிடுச்சி.

சோனியா: போன கார்த்திகை மழைல தண்ணி முட்டிக்கு மேல ஏறிச்சே, கோயில் தெரு பூரா எங்க சர்ச்சுக்குள்ளதான் படுத்துது. அங்க உப்புமா கிண்டினப்போ யாரும் தெருப் பேரு கேக்கல. ஆனா அதுக்கோசரம் எனக்குப் போட்டுத்தான் ஆவணும்னு நான் சொல்லல. வந்து போடட்டும். எண்ணிப் பாத்துக்கலாம்.

துளசிராமன்: காலனி ஓட்டு மட்டும் வெச்சிக்கினு ஒண்ணும் ஆவாதும்மா. நகரும் சேரணும். காலனியும் நகரும் ஒண்ணா சேந்துட்டாத்தான் எங்களுக்குப் பேஜாரு. அது எங்க சேரப்போவுது… இல்ல மாமா?

ஆதிகேசவன்: சேராது! நகருல பாதி தெலுங்கு. தடா, சூளூருப்பேட்டைலேர்ந்து வந்தவன். மீதி தென்னாட்டுக்காரன். காலனிக்காரி யாரு, ஊர்க்காரன் யாருன்னே அவனுக்குத் தெரியாது.

சோனியா: தேர்வாய் கண்டிகை கம்பெனில என் லைன்ல எனக்கு ரெண்டு பக்கமும் யாரு நிக்கிறாங்கன்னு நெனச்சீங்க? ஒரு பக்கம் சூளூருப்பேட்ட, ஒரு பக்கம் சங்கரன்கோயில். ‘அக்கா, தின்னாவா’ன்னு தெலுங்குல கேட்டுட்டுத்தான் அந்த சூளூருப்பேட்டப் பொண்ணு டப்பாவைத் தொறக்கும். கட்சி கார்டு போட்டுக் குடுத்ததே நான்தான், நாஷ்டா டைம்ல.

ஆதிகேசவன்: கார்டு போட்டா ஓட்டாயிடுமா?

சோனியா: ஆவாதுதான். நகருக்கு ரெண்டு வருசமா குழாய்த் தண்ணி இல்ல. அத்த யாரு வந்து கேட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். நீங்க சொல்றாப்பல, நான் காலனிக்காரியா இன்னான்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியாம இருக்கறது எனக்கு நல்லதாத்தான் போச்சி.

துளசிராமன்: அடுத்த ஞாயித்துக்கெழம கம்பெனில ஓ.டி.ன்னு சொன்னாங்களே. காலனி ஆளுங்க எப்டி வந்து போடுவாங்க?

ஆதிகேசவன்: அத்த ஏன் இப்போ கேக்குற?

துளசிராமன்: இல்ல மாமா, தெரிஞ்சிக்கலாம்னு.

சோனியா: எனக்கும் அதே சந்தேகம்தான். ஆறு மாசமா இல்லாத ஓ.டி., காலனி ஓட்டுப் போடற ஞாயித்துக்கெழமைக்குன்னு பாத்து வருது. அந்த கம்பெனிக்கு ஆள் ஏத்தற வேன் காண்ட்ராக்ட் யாருதுண்ணா?

ஆதிகேசவன்: வேன் ஓட்டுறவன் ஓ.டி. போடுவானா? கம்பெனி போடறது.

சோனியா: தலைமைக்கு நாங்க போன் பண்ணிட்டோம். ஓட்டுப் பொட்டி விடியக்காலையே வந்துடும். நைட் ஷிஃப்ட் எறங்குறவங்க எறங்கி போட்டுட்டுப் போவாங்க. ஓ.டி.க்குப் போறவங்க போட்டுட்டு ஏறுவாங்க.

ஆதிகேசவன்: நேரத்தை மாத்திட்டாங்களா? மச்சான், உனக்கு இது தெரியுமா? தலைமையிலேர்ந்து உனக்குத்தானே வரும் எல்லாம்.

துளசிராமன்: போன்ல… சரியா கேக்கல மாமா. டவர் இல்ல.

ஆதிகேசவன்: டவர் இல்லியாம்! சோனியா, கோவப்படாம கேளு. நீ வைஸ் பிரசிடெண்டா இரு. நானே நின்னு ஜெயிக்க வெக்கிறேன். மாலை போட்டு ஊருக்குள்ள மேளத்தோட இட்டுக்கினு போறேன்.

சோனியா: உங்க பையன் கையெழுத்து போடறப்போ நான் பேனா மூடியைப் புடிச்சிக்கினு நிக்கணுமா?

ஆதிகேசவன்: அப்போ ரிசர்வ் வர வரைக்கும் பொறு. திரும்ப வரும்ல? சர்ட்டிபிகேட்ல நீ இன்னும் இந்துதானே, அப்போ நீதான். நானே ஓட்டு கேக்குறேன்.

சோனியா: போன தபா ரிசர்வ் வந்துச்சே. எங்க சடையப்ப மாமாவை நிக்க வெச்சி ஜெயிக்க வெச்சீங்க. பாவம், அஞ்சு வருசமும் பிரசிடெண்டு உங்க ஊட்டு வாசல்ல நின்னாரு. சீலு உங்க பீரோல இருந்துச்சி. கிராம சபையில அவருக்கு சேர் போட்டதை நான் பாத்ததே இல்ல.

ஆதிகேசவன்: அவரு படிக்காதவரு. நான் ஒத்தாசை பண்ணேன்.

சோனியா: அன்புசெல்வன் தம்பி பன்னெண்டாவதுல நின்னுடுச்சி. நான் டிப்ளமா. அப்போ யாரு யாருக்கு ஒத்தாசை பண்றது?

ஆதிகேசவன்: ஏய்… இது பொதுத் தொகுதிம்மா. பொது! உங்களுக்கு வேணுங்கறப்போ ரிசர்வ் கீது. பொதுவை ஊருக்கு வுட்டுடணும். அதான் மரியாதை.

சோனியா: பொதுன்னா ஊருக்குன்னு எந்தச் சட்டத்துல கீது? பொதுக் குழாய், பொது ரோடுன்னு எழுதி வெச்சிக்கீறாங்க. ஊருக்கு மட்டும்னா எழுதி வெச்சிக்கீறாங்க? பொதுன்னா எனக்கும்தாண்ணா.

துளசிராமன்: சட்டப்படி பாத்தா அது…

ஆதிகேசவன்: நீ சும்மா இரு மச்சான். சட்டமாம்! எங்கப்பா இந்த ஊர்ல கட்சிக் கொடி ஏத்துனப்போ சுத்துப்பட்டுல எவன் இருந்தான்? கொடி கம்பத்துக்கு மரம் எங்க கழனிலேர்ந்து வெட்டினது. இப்போ கழனியும் இல்ல. பெரியவன் ஏதோ அறுப்பு மிஷின் வுட்டுக்கினு கீறான். சின்னவனுக்கு இன்னா கீது, சொல்லு? இந்தப் பேரு ஒண்ணுதான் கீது. இத்தையும் உனக்கு தூக்கிக் குடுத்துட்டு நாங்க தெருவுல நிக்கணுமா?

சோனியா: நீங்க சொல்றது எனக்குப் புரியுதுண்ணா. கிண்டல் பண்ணல. ஆனா கழனி தானா போவல. நீங்க குடோனுக்கு வித்தீங்க. உங்க நெலம், உங்க இஷ்டம். கூடவே ஏரிக் கால்வாயும் சேந்து போச்சே, அது யாரு நெலம்?

ஆதிகேசவன்: கால்வா பத்தி இப்போ இன்னா பேச்சி?

சோனியா: அதுக்குத்தான் நான் நிக்கிறதே. குடோன் செவுரு கால்வாய் மேல நிக்கிது. மழை பேஞ்சா தண்ணி போவ வழியில்லாம காலனிக்குள்ள திரும்புது. செவுத்துக்கு அந்தப் பக்கம் கால்வாய்க் கோடியில கீற கழனிங்க ஒரு சொட்டு தண்ணியில்லாம காயுது. இங்க பாய் மொதக்குது, அங்க நாத்து கருகுது. ஒரே செவுருதான். நான் வந்தா மொத தீர்மானம் அதான், செவுத்தை இடிக்கணும்னு.

ஆதிகேசவன்: இடிச்சிடுவியா நீ?

சோனியா: கலெக்டர் ஆபீஸ்ல போயி குந்துவேன். இடிக்கிற வரைக்கும் எழுந்துக்க மாட்டேன்.

ஆதிகேசவன்: ஓஹோ… இப்போ புரியுது. இத்த சொல்லித்தான் ஊருக்குள்ள ஆள் புடிச்சிகீற. நாலோ அஞ்சோ வுழும்னு நெனச்சேன். நாப்பத்தொண்ணு! நாப்பத்தொரு பேரு, ஊர்க்காரன், என் பையனை வுட்டுட்டு உனக்குப் போட்டுக்கீறான். எவன் ஊருக்குள்ள உனக்கு வேலை பாத்தது?

சோனியா: ஓ, அத்த கேக்கத்தான் வந்தீங்களா? நான் விலகறதுக்குன்னு நெனச்சேன்.

ஆதிகேசவன்: ரெண்டுத்துக்கும்தான்.

துளசிராமன்: மாமா, இரகசிய ஓட்டு. அத்தப் போயி…

ஆதிகேசவன்: இன்னா இரகசியம்? எனக்குத் தெரியும். குணசுந்தரி! புருசன் போன அப்பால அந்தம்மாவுக்கு துளிர் வுட்டுப்போச்சி. கழனியும் கோடியில கீது. ரேசன் கடைல உங்கூட சிரிச்சி சிரிச்சி பேசிக்கினு நின்னதை எங்க ஊட்லயே பாத்துட்டாங்க.

சோனியா: ரேசன் கடைல சிரிச்சா ஓட்டா?

ஆதிகேசவன்: அந்தம்மா போர் தண்ணி எறச்சி வெளைய வெச்ச நெல்லு சாஞ்சி கீது. இந்த வாரத்துக்குள்ள அறுக்கலன்னா மொளைச்சிடும். எல்லாருக்கும் என் பெரிய பையன் மிஷின்தான் போவுது. அந்தக் கழனிக்குப் போவாது. வெளியூர் மிஷினும் ஊர் எல்லைய தாண்டாது. நான் சொன்னா தாண்டாது.

துளசிராமன்: மாமா… அந்தப் பொம்பளைக்கு அது ஒண்ணுதான் கீது.

ஆதிகேசவன்: அப்போ இந்தப் பொண்ணு எழுதிக் குடுக்கட்டும், நான் விலகறேன்னு. மிஷின் போவும். அவ்ளோதான் வெவகாரம். சொல்லும்மா. நீ நிக்கணுமா, இல்ல அவ நெல்லு ஊடு வந்து சேரணுமா?

சோனியா: அந்த அம்மா இல்லண்ணா.

ஆதிகேசவன்: பின்ன யாரு?

சோனியா: யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்.

ஆதிகேசவன்: அப்போ அவதான்.

சோனியா: மாதாகோயில்ல வேணாலும் நின்னு சொல்றேன், அவங்க இல்ல. பாவம், அவங்க எனக்கு போட்டாங்களான்னுகூட எனக்குத் தெரியாது.

ஆதிகேசவன்: பேரு சொல்லு. இல்ல, எழுதிக் குடு. ரெண்டுல ஒண்ணு.

சோனியா: ரெண்டும் கெடயாது.

துளசிராமன்: சோனியாம்மா… கொஞ்சம் யோசிச்சி…

சோனியா: யோசிச்சிட்டேண்ணா. ஷிஃப்ட் பஸ்சுக்கு நேரமாச்சி, அதனால சுருக்கமா சொல்லிடறேன். அந்த அம்மா கழனிக்கு மிஷின் வரலன்னா நாங்க வருவோம். காலனிலேர்ந்து. ஷிஃப்ட்டு முடிச்சி எறங்கி நேரா அருவாளோட.

ஆதிகேசவன்: ஹ! கழனிப் பக்கமே தலை வெச்சிப் படுக்க மாட்டோம்னு கம்பெனிக்கு ஓடினவங்க நீங்க. அருவாள் புடிக்கத் தெரியுமா உனக்கு?

சோனியா: தெரியாது.

ஆதிகேசவன்: கூலி குடுக்க அவகிட்ட இன்னா கீது?

சோனியா: கூலி யாரு கேட்டா? எங்கம்மா உங்க கழனில குனிஞ்சி அறுத்தாங்க, நீங்க அளந்து போட்ட நெல்லுக்கு. நான் அருவாள தொடவே கூடாதுன்னுதான் என்னை திருவள்ளூர் ஹாஸ்டல்ல போட்டாங்க. இத்தினி வருசம் தொடல. இப்போ தொடறேன். கூலி இல்லாம. யாரும் கூப்பிடாம. கையைக்கூட வெட்டிக்குவேன், பரவால்ல. அறுத்துக் களத்துல போட்டுட்டு, அடுத்த ஞாயித்துக்கெழம வந்து ஓட்டும் போடுவேன். ஊர்க் கழனில காலனிக்காரங்க சும்மா வந்து அறுக்கறதை நகருல கீறவங்க போன்ல படம் எடுப்பாங்க. அப்போ பாருங்க, எது எங்க சேருதுன்னு.

ஆதிகேசவன்: மெரட்டுறியா?

சோனியா: நீங்க மெரட்டினீங்க. நான் பதில் சொன்னேன்.

ஆதிகேசவன்: சரி. பேசி முடிச்சாச்சி. மச்சான், எழுந்திரு. போற வழியிலயே பெரியவனுக்கு போன் போட்டு சொல்லிடு, குணசுந்தரி கழனிப் பக்கம் வண்டி போவக்கூடாதுன்னு. நீயே சொல்லு. கிளைச் செயலாளர் சொன்னதா இருக்கட்டும், ஊர்ல நாளைக்கு ஒரு பேச்சு வராது… மச்சான், இன்னா, குந்திக்கினே கீற?

சோனியா: துளசியண்ணா, பஸ் ஹாரன் அடிக்கிறான். நான் ஊட்டைப் பூட்டணும். நீங்க கிளம்புங்க. நான் எதுவும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க பயப்படாம போங்க.

ஆதிகேசவன்: பயமா? இவன் இன்னாத்துக்கு பயப்படணும்? மச்சான்… இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது? என் மூஞ்சியப் பாரு. நான் உன் கூடப்பொறந்த அக்காளக் கட்டினவன். அன்பு உன் மடியில வளந்தவன். சொல்லு… இன்னா சொல்லுது இது?

துளசிராமன்: அன்பு மேல எனக்கு ஒண்ணும் இல்ல மாமா… குணசுந்தரிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. கோடிக் கழனிக்காரங்க ஊடு ஒவ்வொண்ணா ஏறி, சோனியாவுக்குப் போடுங்கன்னு கேட்டது நான். பொட்டியை விடியக்காலைல வைங்கன்னு தலைமைக்கு போன் பண்ணதும் நான்தான். என் கழனியும் அந்தக் கோடியிலதான் கீது, மிஷினை நிறுத்தணும்னா மொதல்ல அங்க நிறுத்துங்க.